பூஜ்ஜியம் என்று எழுதிய பாட்டில்

அத்தியாயம் 6

அந்த இயந்திரம் மனிதர்களைவிட ஒழுங்காகப் புகைத்தது. இழுத்தது, நிறுத்தியது, சற்றுப் பொறுத்தது, மறுபடி இழுத்தது. இருமவில்லை. காறித் துப்பவில்லை. நாளையோடு விட்டுவிடுகிறேன் என்று யார் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்யவில்லை.

"இவனுக்குப் பொண்ணு கொடுக்கலாம் அக்கா," என்றான் கொசு. "ஒரே ஒரு கெட்ட பழக்கம். அதையும் ஆபீஸ் நேரத்துல மட்டும்தான் பண்றான்."

சல்லடை ஆய்வகத்தில் காலியாக இருந்த ஒரே முக்காலியில் உட்கார்ந்து இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டி இழப்பீடு கேட்பவர்களைப் பிடித்துக் கொடுத்த காலத்தில் கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர்தான் சல்லடை. வேலை போய்விட்டது. பெயரும் முழங்கால் வலியும் போகவில்லை. இப்போது தனியாகத் துப்பறிகிறாள். கொசு அவளுடைய உதவியாளன். தலை பாதி நரைத்த ஆள். காதோரம் நின்று ஓயாமல் ரீங்காரம் செய்வதால் அவனுக்கு அந்தப் பெயர்.

விஷயம் இதுதான். ஒரு வேன் டிரைவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். முன்பே ஒருமுறை நெஞ்சுவலி வந்து, டாக்டர் அதட்டி, சிகரெட்டை விட்டு, நிக்கோட்டின் இல்லாத இ-சிகரெட்டுக்கு மாறியவன். அவன் இழுத்த பாட்டிலில் கொட்டை எழுத்தில் பூஜ்ஜியம் என்று அச்சடித்திருந்தது. அவனுடைய ரத்தத்திலோ நிக்கோட்டின் தாராளமாக இருந்தது. அந்தத் திரவத்தைத் தயாரிக்கிற கம்பெனியில்தான் அவன் மனைவி வேலை செய்தாள். காலையில் அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனவர்கள் இன்னும் திருப்பி அனுப்பவில்லை. ஆய்வக அறிக்கை சாயங்காலம் கைக்கு வந்ததும் கொலை முயற்சி என்று எழுதி அவளைச் சிறைக்கு அனுப்ப இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

சல்லடையை அமர்த்தியது அந்த மனைவியின் நாத்தனார். டிரைவரின் அக்கா.

"எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது," என்று காலையில் வந்ததும் வராததுமாகச் சொல்லியிருந்தாள். "ஆனா அவ பண்ணலை. எனக்குத் தெரியாம ஒரு புடவை எடுத்தாக்கூட அன்னிக்கே உளறிக் கொட்டிடுவா. விஷம் வெக்கிற மூஞ்சியா அது?"

இந்தத் தொழிலில் சல்லடை கேட்ட நற்சான்றிதழ்களிலேயே நம்பத் தகுந்தது அதுதான். வேண்டாதவர்கள் சும்மா பரிந்து பேசமாட்டார்கள்.

கெமிஸ்ட் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். ஐம்பதை ஒட்டிய பெண்மணி. கண்ணுக்குக் கீழே கறுப்பு. பல நாள் தூக்கத்தை யாருக்கோ கடன் கொடுத்தவர் போல இருந்தார்.

"ரெண்டு சோதனை பண்ணேன்," என்றார். "பாட்டில்ல இருக்கிற லிக்விட்ல நிக்கோட்டின் இருக்கான்னு ஒண்ணு. அதையே டிரைவரோட இ-சிகரெட் கருவியில ஊத்தி, இந்த மெஷினை இழுக்க வெச்சு, வர்ற ஆவியில இருக்கான்னு இன்னொண்ணு. பாட்டில்ல இல்லை. ஆவியில இருக்கு."

"அடுப்புல வெக்காத சோறு தட்டுல வந்துடுச்சா?" என்றான் கொசு.

"கருவிக்குள்ள ஒரு பஞ்சு இருக்கும் சார். லிக்விட்டை உறிஞ்சி, சூடாகிற கம்பிக்குக் கொடுக்கும். அந்தப் பஞ்சுல யாரோ நிக்கோட்டினை ஊத்தி ஊற வெச்சிருக்கணும். போலீஸ் கொண்டுவந்தப்ப டேங்க் ஒழுகி காலியாக் கிடந்துச்சு. நான்தான் இதே பாட்டில்லேர்ந்து புதுசா நிரப்பினேன். அப்ப மிச்சம் இருக்கிறது பஞ்சு மட்டும்தானே?"

"பஞ்சை மாத்தறது யாராம்?" என்று கேட்டாள் சல்லடை.

"அவரோட சம்சாரம். அவருக்குக் கை நடுங்குமாம்."

இன்ஸ்பெக்டரின் வழக்கு முழுவதும் அந்தப் பஞ்சுக்குள் அடங்கியிருந்தது. அவள் கையால் மாற்றிய பஞ்சு. அவள் வேலை செய்யும் இடத்தில் டின் டின்னாக நிக்கோட்டின். சல்லடைக்கே ஒரு நிமிடம் எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று தோன்றியது.

"ஆவியை எப்படிப் பிடிப்பீங்க?" என்று கேட்டாள், கேட்க வேறு ஒன்றும் இல்லாததால்.

கெமிஸ்ட் வட்டமான ஒரு வெள்ளை அட்டையைக் காட்டினார். ரொட்டித் துண்டை அழுத்தித் தட்டையாக்கியது போல இருந்தது. "மெஷின் இழுக்கிற ஆவி இது வழியாப் போகும். இருக்கிறதெல்லாம் இதுல ஒட்டிக்கும். கொஞ்சம் இழுத்ததும் அட்டையை மாத்திடுவோம். ஒவ்வொரு அட்டையையும் ஊற வெச்சு, அதுல எவ்வளவு நிக்கோட்டின்னு அளப்போம்."

திரையில் ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு நீலக் கட்டை நின்றது. எல்லாம் மட்டம் பிடித்து அடுக்கிய செங்கல் மாதிரி ஒரே உயரம்.

சல்லடை அதையே பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"முதல் அட்டையிலயும் கடைசி அட்டையிலயும் ஒரே அளவா?"

"கிட்டத்தட்ட."

"கொசு, நீ தங்கியிருந்த மேன்ஷன்ல டீ எப்படி இருக்கும்?"

"காலையில முதல்ல போனா டீ. ரெண்டாவதாப் போனா டீ மாதிரி. அப்புறம் போனா டீத்தூள் குளிச்ச தண்ணி. எல்லாத்துக்கும் ஒரே தூள்தானே அக்கா."

"அதேதான். பஞ்சுல ஊறினதுன்னா முதல் அட்டையில கொள்ளையா இருந்து, போகப் போகக் குறையணும். புதுசா ஊத்தின சுத்தமான லிக்விட் அதைக் கழுவிக்கிட்டே இருக்குமே. இங்க ஒரு சொட்டுகூடக் குறையலையே அம்மா."

கெமிஸ்ட் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சொன்னதில் பிழையில்லை என்பதும், தனக்கு அது தோன்றவில்லை என்பதும் ஒரே நேரத்தில் அவர் முகத்தில் தெரிந்தன.

"அப்படிப் பார்த்தா லிக்விட்லேயேதான் இருக்கணும்," என்றார் மெதுவாக. "ஆனா லிக்விட்ல இல்லை. திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்துட்டேன். என் மெஷின் பொய் சொல்லாது."

"சரி. சாயங்காலம் வரைக்கும் அறிக்கையை அனுப்பாதீங்க."

"போலீஸ் வந்து கேட்டா கொடுத்தாகணும்."

"கேக்கறதுக்குள்ள வந்துடறேன்," என்று சல்லடை எழுந்தாள். முழங்கால் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

ஸ்டேஷன் நடையில் ஒரு மர பெஞ்சு. அதன் ஒரு முனையில் டிரைவரின் மனைவி, மறுமுனையில் நாத்தனார். நடுவில் ஒரு சாப்பாட்டுப் பை, ஊரின் எல்லைக் கல் மாதிரி.

"சாப்பிடச் சொல்லுங்க இவளை," என்றாள் நாத்தனார். "பட்டினி கிடந்தா குத்தம் பண்ணவன்னுதான் நினைப்பாங்க."

"சாப்பிட்டா திமிருன்னு நினைப்பாங்க அண்ணி."

"அப்ப பாதி சாப்பிடு."

சல்லடை அந்தப் பையை நகர்த்திவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். "உன் புருஷன் அதை எவ்வளவு இழுப்பாரு?"

"எந்நேரமும் வாயிலதாங்க. பூஜ்ஜியம்தானே, இழுத்தா இழுக்கட்டும்னு விட்டுட்டேன். கொஞ்ச மாசமா ரொம்ப ஜாஸ்தி. தூக்கத்துல எழுந்துகூட இழுப்பாரு. வெறும் ஆவிக்கு என்ன இந்தப் பிடிவாதம்னு ஒரு நாள் பிடுங்கி வெச்சேன். தட்டைத் தூக்கிக் கடாசிட்டாரு. சிகரெட்டை விட்டப்பகூட இவ்வளவு ஆட்டம் ஆடலைங்க."

"என் தம்பி தட்டை வீசறவன் இல்லை," என்றாள் நாத்தனார். பிறகு, "வீசினானா?" என்று கேட்டாள்.

"வீசினாரு அண்ணி. உங்ககிட்ட சொன்னா என்னையே திட்டுவீங்கன்னு சொல்லலை."

நாத்தனார் அதை மறுக்கவில்லை.

வெறும் தண்ணீருக்கு யாரும் ஏங்கித் தட்டை வீசுவதில்லை என்று சல்லடை நினைத்துக்கொண்டாள். "கம்பெனியில உனக்கு என்ன வேலை?"

"ரொப்பறதுங்க. சீரோ லைன், அந்தப் பூஜ்ஜியம் பாட்டிலு. லிக்விட் நீல டிரம்ல இருக்கும். அதைப் பாட்டில்ல பிடிச்சு, வாசனைச் சொட்டு விட்டு, மூடி போடணும். நிக்கோட்டின் போடற ரூமுக்கு முதலாளியும் அவர் மச்சானும்தான் போவாங்க. எங்களை விடமாட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க. எப்பவாவது பாட்டிலைச் சோதிக்கிற அந்த லேபுக்கு ஒரு கேன் பிடிச்சுக் கொடுப்பேன்."

கொசு வாயைத் திறந்தான். சல்லடை அவன் செருப்பை மிதித்தாள்.

"லேபுக்குப் பாட்டில்தானே போகும்? கேன் எதுக்கு?"

"சோதிக்க இல்லைங்க. அது சும்மா வெறும் பேஸு, கிளிசரின் மட்டும். நிக்கோட்டின், வாசனை எதுவும் இல்லாதது. அவங்க மெஷினுக்கு வேணுமாம். முன்னாடியெல்லாம் கிளிசரின் டின்லேர்ந்து எடுத்துக் கொடுப்போம். இப்ப கொஞ்ச மாசமா முதலாளி, சீரோவும் பேஸும் ஒண்ணுதானே, நீல டிரம்லேர்ந்தே பிடிச்சுக் கொடுன்னுட்டாரு."

சல்லடை எழுந்தாள். முழங்கால் சொடக்கு போட்டது.

"முட்டி பேசிடுச்சு," என்றான் கொசு. "இனிமே அக்காவைப் பிடிக்க முடியாது. ஏங்க, அந்தப் பை சாப்பாடு ஆறுது, நான் வேணா பாதி..."

"வண்டியை எடுடா."

மறுபடி ஆய்வகம். புகைக்கும் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். கெமிஸ்ட் அறிக்கையை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி.

"ஒரே ஒரு கேள்வி," என்றாள் சல்லடை, நின்றபடியே. "பூஜ்ஜியம்னா என்னன்னு உங்க மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

கெமிஸ்ட் களைப்பாகச் சிரித்தார். "நாங்கதான் சொல்லிக் கொடுக்கணும். முதல்ல நிக்கோட்டினே இல்லாத வெறும் பேஸை ஓட்டுவோம். அதுல என்ன தெரியுதோ அது பேஸோடது, நிக்கோட்டின் இல்லை. அப்புறம் ஓட்டற எல்லாத்துலேர்ந்தும் கணினி அதைக் கழிச்சிடும். எங்க கண்ணுக்கு வர்றது கழிச்ச மிச்சம்தான்."

"அந்த வெறும் பேஸ் எங்கேர்ந்து வருது?"

கெமிஸ்ட் பதில் சொல்லத் திரும்பினார். மேசைக்கு அடியில் ஒரு வெள்ளைக் கேன் இருந்தது. அதன்மேல் கம்பெனியின் முத்திரை. பாட்டிலில் இருந்த அதே முத்திரை. கெமிஸ்ட் திரும்பிய இடத்திலேயே நின்றுவிட்டார்.

"கொசு," என்றாள் சல்லடை. "அரிசி வாங்கப் போறோம். கடைக்காரன் முதல்ல என்ன பண்ணுவான்?"

"காலிப் பாத்திரத்தைத் தராசுல வெச்சு, முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வருவான்."

"பாத்திரம் காலியா இல்லைன்னா? அடியில ஏற்கெனவே அரிசி இருந்தா?"

"அந்த அரிசி கணக்குலேயே வராது. அதே பாத்திரத்தை நூறு தடவை தூக்கி வெச்சாலும் பூஜ்ஜியம்தான் காட்டும்." கொசு கேனைப் பார்த்தான். பாட்டிலைப் பார்த்தான். "அடப்பாவி. பாத்திரமும் அவனுது, அரிசியும் அவனுது."

"ஆவிக்கு?" என்று கெமிஸ்டைக் கேட்டாள் சல்லடை. "அதுக்கு எதை வெச்சுக் கழிப்பீங்க?"

"சுத்தமான அட்டையை," என்றார் கெமிஸ்ட். "ஆவிக்குக் கேன் வேண்டாம். அதனாலதான் ஆவியில மட்டும்..."

"உண்மையைச் சொல்லியிருக்கு," என்று முடித்தாள் சல்லடை.

"இருங்க இருங்க," என்றான் கொசு. "வேற கம்பெனியோட சீரோ பாட்டிலும் இங்க வருமே? அதுல இல்லாத அரிசியைக் கழிச்சா பூஜ்ஜியத்துக்குக் கீழல்ல போகணும்? அப்பவே தெரிஞ்சிருக்குமே?"

"கீழே போனா கணினி பூஜ்ஜியம்னுதான் அச்சடிக்கும்," என்றார் கெமிஸ்ட். "நான்தான் அப்படி வெச்சேன். இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டு, அது எப்படி ஒண்ணுமில்லாததுக்கும் கீழ இருக்கும்னு கேள்வி கேப்பாங்க. பேஸ் வாங்கித் தாங்கன்னு எழுதிக் கேட்டா அதுக்கும் கேள்வி. இந்தக் கம்பெனிக்காரங்க சும்மா தர்றேன்னாங்க. வாங்கிக்கிட்டேன்."

கொசு மருந்துக் கடைக்கு ஓடினான். கிளிசரின் பாட்டிலோடு திரும்பி வந்தான். "உதடு வெடிச்சிருக்கான்னு கேட்டாரு கடைக்காரர். இல்லைங்க, இனிமேதான் வெடிக்கப் போகுதுன்னேன்."

கெமிஸ்ட் கழித்தலை நிறுத்திவிட்டு மூன்றையும் வரிசையாக ஓட்டினார். மருந்துக் கடைக் கிளிசரினுக்குத் திரையில் கோடு தரையோடு தரையாக ஓடியது. கேனிலிருந்து எடுத்ததற்கு, ஓடி வந்த கோடு ஓரிடத்தில் கூரை முகடு போலக் கிளம்பி இறங்கியது. பாட்டிலுக்கும் அதே இடம், அதே உயரம். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சிகரெட் பழக்கத்தை விட்டுடலாம்னு சீரோ வாங்கறவன் கொஞ்ச நாள்ல அதையும் விட்டுடுவான்," என்றாள் சல்லடை. "வாடிக்கை போயிடும். விடமுடியாதபடி கொஞ்சம் கலந்துட்டா காலத்துக்கும் வாங்குவான். தட்டை வீசியாவது வாங்குவான். யாராவது சந்தேகப்பட்டு சோதிச்சா என்ன பண்றதுன்னும் முதலாளி யோசிச்சிருக்கான். அதுக்குத்தான் கேன்."

கெமிஸ்ட் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பேசியபோது வேறு எதையோ நினைத்துப் பேசுவது போல இருந்தது.

"போலீஸ் முதல்ல பாட்டிலை மட்டும்தான் கொண்டு வந்தாங்க. கருவியைக் கொண்டு வரவே இல்லை. அதை இழுக்க வெச்சும் பாருங்கன்னு சொன்னது வேற ஆளு."

"யாரு?"

"கம்பெனி முதலாளி. எனக்கும் போன் பண்ணாரு, இன்ஸ்பெக்டருக்கும் பண்ணாரு. ரொம்ப அக்கறையா."

சல்லடை சிரித்தாள். அன்று முதல் முறையாக. அழகான சிரிப்பு இல்லை.

"ரத்தத்துல நிக்கோட்டின்னு ஆஸ்பத்திரி சொல்லிடுச்சு. பாட்டில்ல இல்லைன்னு நீங்க சொல்லப் போறீங்க. அப்ப அது வேற எங்கேயாவது இருந்தாகணும். இல்லைன்னா எல்லாரும் பாட்டிலையே திருப்பிப் பார்ப்பாங்க. ஆவியில இருக்கும்னு அவனுக்குத் தெரியும். பஞ்சு மேல பழி வந்துடும், பஞ்சை மாத்தினவ அவன்கிட்டயே வேலை பார்க்கிறவ. வசதியா இருந்துச்சு, அவளைத் தூக்கிக் கொடுத்துட்டான். நீங்க அட்டை மாத்தி மாத்தி அளப்பீங்கன்னு மட்டும் தெரியலை. வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, ஏற்கெனவே கெட்டுப்போன இதயம்னு கேஸே முடிஞ்சிருக்கும்."

"யாராவது அவருக்கு ஒரு நன்றிக் கடுதாசி போடுங்க," என்றான் கொசு.

கெமிஸ்ட் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இதைச் சொன்னா, அந்தக் கேன் வந்ததிலேர்ந்து கொடுத்த எல்லா அறிக்கையும் தப்புன்னு ஆகும். எல்லாத்துலயும் என் கையெழுத்துதான். லேபை மூடிடுவாங்க. வெளியே உக்காந்திருக்கிற என் லேப் ஆளுங்க அத்தனை பேரும் வீட்டுக்குப் போகணும்." அவர் நிமிர்ந்தார். "பஞ்சு இல்லைன்னு மட்டும் எழுதிக் கொடுக்கறேனே. அளவு குறையலை, அதனால சந்தேகம்னு. அந்தப் பொண்ணை விட்டுடுவாங்க இல்லையா?"

"விடமாட்டாங்க. பஞ்சுல இல்லைன்னா காப்பியில கலந்தாள்னு எழுதுவாங்க. பாட்டில்ல இருந்துச்சுன்னு நீங்க சொல்ற வரைக்கும் அவ வெளியே வரமாட்டா."

"வெளியே எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?"

"தெரியாது. அவ ஒருத்தி. ஆள் கணக்குதான்னா உங்க பக்கம்தான் ஜாஸ்தி. அப்படித்தான் எண்ணணும்னா எண்ணிக்குங்க."

சல்லடைக்கு ஆறுதல் சொல்லத் தெம்பு இல்லை. சொல்ல ஆறுதலும் இல்லை. பக்கத்து அறையில் யாரோ குழாயைத் திறந்து பாத்திரம் கழுவினார்கள். கழுவி முடித்து மூடினார்கள்.

கெமிஸ்ட் அறிக்கையை எடுத்து நான்காகக் கிழித்தார். தொலைபேசியை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

"சார், லேப்லேர்ந்து பேசறேன். நிக்கோட்டின் பாட்டில்லதான் இருந்துச்சு. இல்லைன்னு உங்ககிட்ட வாயால சொல்லியிருந்தேன், அது தப்பு... இல்லை சார், மெஷின்ல கோளாறு இல்லை. தப்பு என்னோடது. ஆமா. எழுதித் தர்றேன். நீங்க இப்ப கம்பெனிக்கு ஆள் அனுப்புங்க, ஒரு நீல டிரம் இருக்கும். முதல்ல அதைப் பிடிங்க."

ஸ்டேஷன் வாசலில் வெயில் இறங்கிவிட்டிருந்தது. டிரைவரின் மனைவி வெளியே வந்து கடைசிப் படியில் நின்றாள். சல்லடை நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாலும் அதில் எதையும் விட முடியவில்லை.

"அந்தக் கேன் நான் பிடிச்சதுதானே?" என்று கேட்டாள் அவள்.

"ஆமா."

"அவரு இழுத்த பாட்டில்? அதுவும் எங்க லைன்தான். நான்தான் வீட்டுக்குக் கொண்டு வருவேன். கடைப் பாட்டில் வேண்டாம், நான் என் கையால ரொப்பினதுன்னு சொல்லித்தான் கொடுப்பேன்."

தெரியாமல் நடந்ததுதானே என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியத்தைச் சல்லடை நிறைய வாசல்களில் நிறையப் பேரிடம் சொல்லியிருந்தாள். யாரும் அதை வாங்கிக்கொண்டு போனதாக ஞாபகம் இல்லை.

"ஆமா," என்றாள் மறுபடி.

டிரைவரின் மனைவி படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். நாத்தனார் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். தம்பி மனைவியின் மாற்றுப் புடவைப் பையை இன்னொரு தோளில் மாட்டினாள். குனிந்து அவள் முழங்கையைப் பிடித்து, மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி நிறுத்தினாள்.

"அழறதுன்னா நடந்துக்கிட்டே அழு. ஆஸ்பத்திரியில உள்ளே விடற நேரம் முடியப் போகுது."

"அவரு கண்ணைத் திறந்தா நான் என்ன அண்ணி சொல்வேன்?"

"முதல்ல திறக்கட்டும். திட்டறதுக்கு நான் இருக்கேன், நீ சும்மா நில்லு."

இருவரும் சாலையோரமாக நடந்தார்கள். தம்பி மனைவி தடுமாறியபோதெல்லாம் நாத்தனார் இழுத்தாள். முழங்கையை விடவில்லை.

"இவங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னாங்களே அக்கா?" என்றான் கொசு.

"ஆகாதுதான்," என்றாள் சல்லடை, படியில் உட்கார்ந்து காலை நீட்டியபடி. "பாரு, எப்படி இழுத்துக்கிட்டுப் போறா."